எண்ணூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் சுனே அக்காவும்

சுனே அக்காவிடம் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "தெரியல." மதியம் என்ன சாப்பிடலாம், தெரியல. அடுத்த படப்பிடிப்பு எப்போது, தெரியல. கல்யாணம் ஏன் முறிந்தது என்று அவள் அண்ணனே ஒருமுறை கேட்டார், அதற்கும் தெரியல. பதினான்கு வருடம் அவளோடு மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். சில நாள் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் போடலாமா என்று வரும்.

நாங்கள் இருப்பது தென்கொரியாவின் இஞ்சோனில். அக்காவின் முழுப்பெயர் தாக் சுனே. பிழைப்பு, கல்யாண வீடியோவும் குழந்தைகளின் முதல் பிறந்தநாள் விருந்தும். சனி, ஞாயிறு முழுக்க ஏதாவது ஒரு மண்டபத்தில் மணப்பெண்ணின் மாமியாரைப் படம் பிடிப்போம். மிச்ச நாளில் எங்கள் சொந்தப் படம். ஆறு வருடம் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அந்தப் படத்துக்குப் பணம் கேட்டு ஒரு திரைப்பட விழாவுக்குப் போனோம். ஆவணப்படம் எடுக்கிற எங்கள் மாதிரி ஆட்களுக்கு அங்கே ஒரு மேடை உண்டு. ஏழு நிமிடம் பேசலாம். முன்வரிசையில் காசு கொடுக்கக்கூடியவர்கள் ஒன்பது பேர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்கா வெளுத்த நீலக் கோட்டு ஒன்றை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு ஏறினாள். ஒரு பள்ளிக்கூடச் சமையலறை, ஏழு சமையல்காரம்மாக்கள், எண்ணெய்ப் புகை, அதில் ஒருவருக்கு நுரையீரலில் புற்றுநோய், அது வேலையால் வந்தது என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் காகிதங்கள். நன்றாகத்தான் சொன்னாள். பெரிய தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கேட்டார்:

"எல்லாம் சரிங்க. இதுல வில்லன் யாரு?"

அக்கா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். ஒன்பது வினாடி. மௌனத்தை அளக்கிறது என் தொழில், தப்பாது.

"தெரியலைங்க. தெரிஞ்சிருந்தா இத்தனை நாள் எடுத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

அரங்கமே சிரித்தது. கைதட்டினார்கள்கூட. காசு மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

வெளியே நூடுல்ஸ் கடையில் வைத்து அவளைப் பிடித்துக் காய்ச்சினேன். "ஒரு பேரைச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்னக்கா? ஸ்கூல்னு சொல்லு. கல்வி ஆபீஸ்னு சொல்லு. அந்த நாம்குங் டீச்சர் பேரையாச்சும் சொல்லு!"

"சொன்னா நல்லாத்தான் இருக்கும் நாரே," என்று சூப்பை உறிஞ்சினாள். "ஆனா நிஜமா தெரியலடி."

நாம்குங் யுன்ஹி என்பவர் அந்தப் பள்ளியின் உணவுத்துறை ஆசிரியை. என்ன சமைக்க வேண்டும் என்று தினமும் பட்டியல் போடுகிறவர். படம் தொடங்கியதே அவரால்தான். பள்ளியின் மதிய உணவைப் பற்றி ஒரு விளம்பர வீடியோ வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டது அவர். அன்றைக்குப் பன்றிக்கறிக் கட்லெட். அறுநூறு பிள்ளைகளுக்கு, அறுநூறு கட்லெட். அண்டா அளவு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால், நாங்கள் பிறகு சித்தி என்று கூப்பிட ஆரம்பித்த சமையல்காரம்மா குவினாம் நின்று பொரித்துக்கொண்டிருந்தார். மேலே புகைபோக்கி பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நாம்குங் டீச்சர் வெள்ளைக் கோட்டோடு கதவுப் பக்கம் நின்று, "அந்தப் பக்கம் சுத்தமா இருக்கு, அதை எடுங்க," என்று கை காட்டிக்கொண்டிருந்தார். ஒரு அடிகூட உள்ளே வைக்கவில்லை.

சித்தி இருமிக்கொண்டே இருந்தார். என் ஹெட்போனுக்குள் அது நெஞ்சுக்குள்ளிருந்து கரண்டியால் சுரண்டுவதுபோல் கேட்டது. எந்தக் காட்சியை எடுத்தாலும் அந்த இருமல்.

"அந்த இருமலை மட்டும் எடுத்துடுங்க," என்றார் டீச்சர். "சாப்பாடு வீடியோல இருமல் இருந்தா அம்மா அப்பாங்க போன் பண்ணுவாங்க."

எடுத்துவிட்டேன். அதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. ஒவ்வொரு இருமலாக வெட்டி, அந்த இடத்தில் பாத்திரச் சத்தத்தை ஒட்டினேன். டீச்சர் அருமை என்றார். அக்கா மட்டும் வெட்டாத ஒலியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுதவே வேண்டாம். அடுத்த வாரம் காமிரா இல்லாமல் சித்தி வீட்டுக்குப் போய், அவரோடு உட்கார்ந்து பூண்டு உரித்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த வாரமும்.

குவினாம் சித்தியின் முழுப்பெயர் ப்யோ குவினாம். அறுபத்தொரு வயது. சிரித்துக்கொண்டே ஆளைக் கவிழ்க்கிற வாய். அக்காவை "டைரக்டரம்மா" என்று ராகம் போட்டுக் கூப்பிடுவார். அவருக்கு நுரையீரல் நோய் என்று தெரிந்தபின் ஏழு சமையல்காரம்மாக்களில் நால்வர் பேசவே முன்வரவில்லை. இருவர் முகத்தை மறைத்தால் பேசுகிறோம் என்றார்கள். சித்தி இரண்டு வருடம் யோசித்தார். பிறகு ஒருநாள் பூண்டு உரிக்கும்போது சொன்னார்:

"டைரக்டரம்மா, என் மூஞ்சிய மறைக்காதீங்க. இத்தனை வருஷம் மாஸ்க் போட்டுத்தான் நின்னேன். அந்த ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்குக்கூட என் மூஞ்சி தெரியாது."

அந்த முகம்தான் படம். அது இல்லாவிட்டால் எங்களிடம் இருப்பது புகைபோக்கியும் காகிதமும்தான். அக்காவுக்கும் அது தெரியும். அவளுக்குத் தெரிந்த சில விஷயங்களில் அது ஒன்று.

மேடை கைவிட்டதும் ஊரைக் கேட்பதென்று முடிவு செய்தோம். எங்கள் ஊரில் இப்படிப் படங்களுக்கு இணையத்தில் சனங்கள் பத்தாயிரம், இருபதாயிரம் வோன் என்று போடுவார்கள். பதிலுக்கு ஒரே ஒரு வாக்கு: படம் முடிந்ததும் நன்றிப் பட்டியலில் உங்கள் பெயர் திரையில் ஓடும். அகர வரிசையில், யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சே இல்லாமல். நீங்கள் எழுதிக் கொடுக்கிற பெயர் எதுவோ அதுவே. செத்துப்போன அம்மாவின் பெயரைக் கொடுக்கிறவர்கள் உண்டு. பூனையின் பெயரைக் கொடுக்கிறவர்களும் உண்டு. "ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு" என்றுகூட ஒன்று வந்தது. மொத்தம் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்.

இந்தப் பட்டியலில் ஓர் எழுத்து பிசகினாலும் எங்கள் உலகத்தில் அதைவிட அவமானம் இல்லை. குழந்தையோடு முதல் காட்சிக்கு வந்து, பத்து நிமிடம் காத்திருந்து, தன் பெயர் தப்பாக வருவதைப் பார்த்தவர் அடுத்த படத்துக்கு ஏன் காசு போடப்போகிறார்? அதனால் நானும் அக்காவும் மூன்று நாள் உட்கார்ந்து சரிபார்த்தோம். நான் வாசிப்பேன், அவள் டிக் போடுவாள். பிறகு அவள் வாசிப்பாள், நான் டிக். நாம்குங் யுன்ஹி என்று நானே என் வாயால் வாசித்திருக்கிறேன். அக்காவும் வாசித்திருக்கிறாள். இரண்டு பேரும் டிக் போட்டிருக்கிறோம். எழுத்தைப் பார்த்தோமே தவிர ஆளைப் பார்க்கவில்லை. இப்படி ஒரு முட்டாள்தனம் எங்கள் தொழிலில்தான் நடக்கும்.

படத்தை ஊருக்குக் காட்டுமுன் அதில் வருகிறவர்களுக்குக் காட்டுவது அக்காவின் வழக்கம். தொழிற்சங்க அலுவலகத்தில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டோம். குவினாம் சித்தி முன்வரிசையில் இருந்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் மூக்கைச் சிந்தினார். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. நான் கிம்பாப் என்கிற சோற்றுச் சுருள் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துங்க."

சித்தி எழுந்து நின்றுகொண்டிருந்தார். திரையில் எங்கள் கொரிய அகர வரிசையின் இரண்டாம் எழுத்தான 'ந' வரிசை. நாம்குங் என்ற குடும்பப்பெயர் எங்கள் நாட்டில் ஊருக்கு ஒன்று தேறினால் பெரிது. வேறு யாரோ என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

"அந்தப் பொம்பளை காசு குடுத்துருக்காளா?"

அக்கா திரையைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கு... தெரியல சித்தி."

"தெரியலையா?" சித்தியின் குரல் தணிந்தது. 'டைரக்டரம்மா' போய்விட்டது. "தாக் சுனே அவர்களே. வாரத்துக்கு மூணு நாள் பொரிக்க வெச்சது அவங்க. புகை அடைக்குதுன்னு சொன்னப்போ ஜன்னலைத் தொறந்துக்கங்கன்னு சொன்னது அவங்க. வேலையாலதான் இந்த நோய்னு நான் போட்ட கேஸுக்கு சாட்சி சொல்ல வாங்கன்னு மூணு தடவை போன் பண்ணேன், எடுக்கவே இல்ல. இப்போ நன்றின்னு போட்டு அவங்க பேரு. அந்தப் பேரு அங்க ஓடுச்சுன்னா என் மூஞ்சி இதுல இருக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிம்பாப்பை யாரும் தொடவில்லை.

எனக்கு இதில் குழப்பமே இல்லை. "பேரைத் தூக்கு. காசைத் திருப்பி அனுப்பு. முடிஞ்சது," என்றேன்.

"எல்லார் பேரையும் போடுறோம்னுதானே வாக்கு குடுத்தோம்? பிடிச்சவங்க பேரை மட்டும் போடுறோம்னா சொன்னோம்?"

"அவ என்ன எண்ணத்துல குடுத்தாளோ! நாளைக்கு அந்தப் படத்துக்கு நானே காசு போட்டேன்னு சொல்லித் தன்மேல சேறு படாம பாத்துக்கப் போறா."

"இருக்கலாம்."

"இல்ல, மனசு உறுத்திக் குடுத்தாளோ என்னவோ."

"அதுவும் இருக்கலாம்." முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டாள். "ஏன் குடுத்தான்னே தெரியாம எப்படிடி தூக்கறது?"

அப்போதுதான் எனக்கும் தலை சுற்ற ஆரம்பித்தது. அதற்காக அவள்மேல் கோபம்கூட வந்தது.

டீச்சர் இப்போது வேறு பள்ளியில். பக்கத்தில் ஒரு பேக்கரியில் சந்திக்க ஒப்புக்கொண்டார். இருவரும் போனோம். மெலிந்திருந்தார். வாங்கிய ரொட்டியைத் தொடாமல் பிளாஸ்டிக் உறையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

"பேரை எடுத்துடறோம்னு சொல்ல வந்தீங்களா?"

"ஏன் குடுத்தீங்கன்னு கேக்க வந்தோம்," என்றாள் அக்கா.

உறையை மேசையில் வைத்து நீவிவிட்டார். பிறகு டீச்சர் சொன்னார்: "புகைபோக்கியை மாத்தச் சொல்லி மேல மூணு தடவை எழுதினேன். பதில் வரல. நாலாவது தடவை எழுதல. பசங்க தட்டுல மிச்சம் வெச்சா எனக்குக் கெட்ட பேரு. பொரிச்சுப் போட்டா மிச்சமே வெக்க மாட்டாங்க. அவ்வளவுதாங்க."

"இதை காமிரா முன்னாடி சொல்றீங்களா?" நான்தான் சட்டென்று கேட்டேன்.

"இன்னும் ஒன்பது வருஷம் வேலை இருக்கு. பையன் காலேஜ் போகணும். முடியாதுங்க."

"கேஸ்ல சாட்சி?"

தலையை ஆட்டினார், முடியாதென்று. "அதனாலதான் பேரைக் குடுத்தேன். வேற பேர்ல போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. என் பேரையே போட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பதாயிரம் வோன். இரண்டு பேர் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிற காசில் ஒரு பாவமன்னிப்பு! அதைச் சொல்லவும் வாயெடுத்தேன். அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். ஆனால் வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது எனக்கு வேறொன்று உறைத்தது. அவர் எழுதிய மூன்று கடிதம் மூன்று கடிதம்தானே. நான் எத்தனை எழுதினேன்? இருமலை வெட்டிக் கொடுத்து சம்பளம் வாங்கிய என் பெயர் ஒலிப்பதிவு என்ற தலைப்பின் கீழே பெரிதாக ஓடுகிறதே.

"அக்கா, அப்போ வில்லன் யாருக்கா?" என்றேன்.

"என்னைக் கேக்கறியா!" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், கண் கலங்கியிருந்தது.

மறுநாள் சித்தி வீட்டில் அக்கா, டீச்சரிடம் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னாள். மூன்று கடிதம், எழுதாத நாலாவது, ஒன்பது வருடம், மகன், எல்லாம். பேரைத் தூக்குகிறேன் என்றும் சொல்லவில்லை, வைக்கிறேன் என்றும் சொல்லவில்லை. "எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல சித்தி. ஆறு வருஷம் எடுத்துட்டேன், இன்னும் தெரியல. படத்தை விட்டுடுன்னு சொன்னா விட்டுடறேன். உங்க மூஞ்சி உங்களோடது." நான் கையைப் பிசைந்தேன். கடனும் உடனுமாக ஆறு வருடம் இழுத்த படத்தை இப்படித் தட்டில் வைத்து நீட்டுகிறாளே!

சித்தி வெகுநேரம் இருமினார். இருமி முடித்து ஒரு காகிதம் கேட்டார்.

"சமையலறைக்குள்ள ஒரு பலகை தொங்கும், பாத்துருக்கீங்களா? யார் எந்த இடத்துல நிக்கணும்னு எழுதி வெப்போம்."

"பாத்துருக்கேன்."

"எழுதுங்க. எண்ணெய்ச் சட்டி, ப்யோ குவினாம். சோறு, முகம் காட்ட மாட்டேன்னாளே அவ. பேரையும் கேட்டுக்கிட்டுப் போடுங்க. சூப்பு..." என்று ஏழு இடத்தையும் வரிசையாகச் சொன்னார். பிறகு எட்டாவதாக ஒன்று சொன்னார். அக்காவின் பேனா நின்றது.

"நன்றிப் பட்டியல்ல அவங்க வேண்டாம். அவங்களுக்கு நான் எதுக்கு நன்றி சொல்லணும்? காசைத் திருப்பிக் குடுத்துடுங்க. ஆனா அந்த சமையலறையில அவங்களும் இருந்தாங்கல்ல. இருந்த எடத்துல போடுங்க."

டீச்சருக்கு அக்கா பணத்தைத் திருப்பி அனுப்பி, "உங்கள் பெயர் கொடுத்தவர்கள் பட்டியலில் வராது, அந்தச் சமையலறையில் இருந்தவர்களோடு வரும், சம்மதமா?" என்று செய்தி போட்டாள். இரண்டு நாள் கழித்து ஒரே வார்த்தை வந்தது. "சரி."

முதல் காட்சி ஒரு சின்ன அரங்கில், ஞாயிறு மதியம். கொடுத்தவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டபிறகும் எங்கள் காட்சிகளில் யாரும் எழ மாட்டார்கள். கைபேசியைத் தூக்கிப் பிடித்து, தங்கள் பெயர் வரும் நொடியில் படம் எடுத்துக்கொள்வார்கள். அங்கங்கே "அம்மா, அம்மா, வந்துருச்சு!" என்று கத்தல். பூனையின் பெயர் வந்தபோது பின்வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள்.

எனக்கு இரண்டு வரிசை முன்னால், ஓரத்து இருக்கையில், நாம்குங் டீச்சர். வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டாம் எழுத்து வரிசை வந்தபோது அவர் கையும் பாதி உயர்ந்தது. வரிசை போனது. பெயர் வரவில்லை. பணம் திரும்பி வந்தபிறகும், செய்தியில் தெளிவாகச் சொன்னபிறகும், கை தானாகப் போயிருக்கிறது. மெல்லக் கீழே இறக்கிக்கொண்டார். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவருக்காக என்று சொல்ல மாட்டேன்.

எண்ணூற்றுப் பதினோரு பெயர்களும் ஓடி முடிந்து திரை கறுத்தது. பிறகு கடைசியாக அந்தப் பலகை. எண்ணெய்ச் சட்டி, ப்யோ குவினாம். சோறு. சூப்பு. காய் நறுக்கல். அண்டா கழுவல். ஏழு வரிகள். கொஞ்சம் இடைவெளி விட்டு எட்டாவது.

கதவுப் பக்கம், நாம்குங் யுன்ஹி.

அந்தப் பலகை திரையில் நிற்கும்போது கேட்கிற ஒலியில்தான் நான் என் வேலையைச் செய்திருந்தேன். அன்று வெட்டி எறிந்த இருமல்களை அக்கா வைத்திருந்த ஒலியிலிருந்து எடுத்து, வெட்டாமல், குறைக்காமல், அப்படியே போட்டிருந்தேன். எண்ணெய் கொதிக்கும் சத்தம், மேலே பேருக்குச் சுற்றும் காற்றாடி, நடுவில் அந்த இருமல். அரங்கத்தில் நாலைந்து பேர் சித்திதான் இருமுகிறார் என்று நினைத்துத் திரும்பினார்கள். டீச்சரும் திரும்பினார். சித்தி வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. டீச்சர் இருக்கையை விட்டு எழவில்லை. சித்தி கைத்தடியை ஊன்றி மெதுவாக நடந்து, அந்த ஓரத்து இருக்கை அருகில் நின்றார்.

"டீச்சர்."

டீச்சர் தலை குனிந்தார். நிமிரவே இல்லை.

"இன்னைக்கு உள்ள வந்து உக்காந்துட்டீங்க." சித்தி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "அன்னைக்கும் வந்திருக்கலாமே."

அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் பேருந்துக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"நாரே, சித்தி அவங்களைத் திட்டிட்டுப் போறாங்களா, மன்னிச்சுட்டுப் போறாங்களா?"

"தெரியலக்கா," என்றேன்.